முகம் கீழாக வைத்த படங்கள்

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில், கொலை நடந்த இடங்களுக்குப் போய்ப் போலீசுக்காகப் படம் எடுத்துக் கொடுப்பவர் அவர். மெலிந்த உருவம். படம் கழுவும் மருந்து பட்டுக் கறுத்த விரல்கள். எடுத்த படத்தை மேசைமேல் எப்போதும் முகம் கீழாகத்தான் வைப்பார். கல்யாணத்துக்கோ ஞானஸ்நானத்துக்கோ அவரை யாரும் கூப்பிடுவதில்லை. பிணத்தைப் பார்த்த கேமராப் பெட்டி என்று முகம் சுளிப்பார்கள்.

வெட்டுப்பட்டுக் கிடந்த பஞ்சாலைப் பெண்ணின் படத்தை எங்கள் வாரப் பத்திரிகைக்காகக் கேட்டு அவருடைய ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"பத்திரிகையில போட்டா ஜனங்களுக்குக் கொலைகாரன் மேல கோபம் வருங்க," என்றேன்.

"கோபமா? வேடிக்கை பாப்பாங்க. அந்தப் பொண்ணு போன மாசம் படம் எடுத்துக்க இங்க வந்துச்சு. இந்தப் பெட்டியிலயான்னு கேட்டுட்டு, வேணாம்னு போயிடுச்சு. வேணாம்னு சொன்ன பொண்ணைத்தான் நேத்து எடுத்தேன். போலீஸ் பாத்தா போதும், ஊர் பாக்க வேணாம்."

படம் எடுத்துக்கொள்பவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியின் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

"அப்ப என்னை ஒண்ணு எடுங்க."

அவர் முகம் மலர்ந்தது. கறுப்புத் துணிக்குள் வெகுநேரம் குனிந்து நின்றார்.

மறுவாரம் போனபோது என் படம் மட்டும் மேசைமேல் முகம் மேலாக இருந்தது. ஆனால் முகமே தெரியாமல் கலங்கியிருந்தது.

"அசையாம இருங்கன்னு சொல்லணும்," என்றார். "சொல்லி ரொம்ப நாளாச்சுங்களா, மறந்துட்டேன்."