‘அது வந்து’களை வெட்டியவன்

அலுவலகத்தில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது; அதைத் தவிர வேறெங்கும் யாரும் அதைத் தேடவில்லை. நடிகர்கள், பாடகர்கள், விளையாட்டு வீரர்கள், திடீரென்று ஒரே வீடியோவில் புகழ் பெற்றவர்கள் என்று வாரம் இரண்டு பேரை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்து, அந்தப் பேச்சை பாட்காஸ்ட்டாக வெளியிடுகிற சிறிய நிறுவனம் அது. மூன்றாவது மாடி, கீழே ஜெராக்ஸ் கடை, பக்கத்தில் பல் மருத்துவர். பதிவு அறையின் சுவர்களில் முட்டைத் தட்டு போன்ற சாம்பல் நிற ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும்.

வந்தவர்கள் பேசிவிட்டுப் போன பிறகு கத்திரியின் வேலை தொடங்கும். இருமல், எச்சில் விழுங்கல், நாற்காலிக் கிரீச்சு, ‘அதாவது’, ‘வந்து’, ‘ம்ம்ம்’, யோசித்துக்கொண்டு சும்மா இருந்த நேரம், எல்லாவற்றையும் வெட்டி எறிவான். திணறித் திணறிப் பேசியவரும் அவன் கை பட்டால் தண்ணீர் ஊற்றியது போலப் பேசுவார். ஒரு இளம் கதாநாயகன் வாய்க்கு வாய் ‘ஆக்சுவலி’ போட்டுப் பேசிவிட்டுப் போனபோது தொகுப்பாளினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“கத்திரி, இந்த ஆளு பேசினதுல பாதி ஆக்சுவலிடா. எப்படிடா வெளியிடறது?”

“அக்கா, நாளைக்குக் கேளுங்க. ஒண்ணு இருந்தா என் காதை அறுத்துக்கறேன்.”

“வெட்டினதை எல்லாம் தூக்கிப் போட்டுடாத. ஒட்டினா இன்னொரு எபிசோடு வரும்.”

மறுநாள் ஒன்றும் இல்லை. அந்தக் கதாநாயகன் சிந்தனையாளர் என்று ஊரெல்லாம் பேச்சு. கத்திரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. தொடர்களை ஒன்றரை வேகத்தில் பார்ப்பான். பாட்டில் முதல் இசையைத் தள்ளிவிடுவான். மற்றவர்கள் அனுப்பும் குரல் செய்திகளை இரட்டை வேகத்தில், ரயிலில் நின்றுகொண்டே கேட்டு முடிப்பான். இரட்டை வேகத்திலும் முடியாத செய்திகள் ஒருவரிடமிருந்துதான் வரும். அவன் அப்பாவிடமிருந்து.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மோட்டார் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் வீட்டுக்கு எப்போது வருவாய் என்று மகனைக் கேட்க அவருக்கு மூன்று நிமிடம் வேண்டும். “அது வந்து…” என்று ஆரம்பிப்பார். பிறகு ஒன்றும் வராது. போன் அணைந்துவிட்டதோ என்று நினைக்கும்போது அடுத்த சொல் வரும். சிரிப்பும் அப்படித்தான். சிரிக்க வேண்டிய இடம் தாண்டிப் போய், எல்லோரும் வேறு பேச்சுக்கு மாறிய பிறகு, மூக்கால் புஸ் என்று ஒரு காற்று, அப்புறம்தான் சிரிப்பு.

இரண்டு வருடம் முன்பு கத்திரி பொறுமையிழந்து சொன்னான்.

“அப்பா, கேக்க நேரமே இல்லப்பா. டைப் பண்ணிடுங்களேன், டக்குனு பாத்துக்கறேன்.”

“சரிடா கண்ணா” என்றார் அப்பா. அன்றிலிருந்து டைப் செய்தார். “சாப்டியா.” “மழை இருக்கு குடை எடு.” குரல் செய்தி அதன் பிறகு ஒன்றுகூட வரவில்லை.

இந்த வருடம் தொண்டைக் கரகரப்பு என்று போன அப்பாவிடம் மருத்துவர் புற்று என்றார். குரல்வளையை முழுக்க எடுத்துவிட வேண்டும். அப்புறம் கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. பிற்பாடு ஒரு சாதனம் பொருத்திப் பேசப் பழகலாம், ஆனால் அது வேறு குரலாக இருக்கும். உயிருக்குப் பயமில்லை என்று அவர் சொன்னதும் மூன்று பேரும் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார்கள். அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். யார் அழுதாலும் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. அன்றைக்கு அதைத் தனக்கே எடுத்துக்கொண்டாள்.

“டேய், நீ இதுதானே வேலை செய்யற? இவரு பேசறதை எடுத்து வெச்சுடு. எனக்கு வேணும்.”

“எதுக்கு? இத்தனை வருஷம் கேட்டது பத்தாதா?” என்றார் அப்பா.

“பத்தாது. உங்களுக்கு என்ன போச்சு?”

ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அப்பாவைப் பதிவு அறைக்கு அழைத்துப் போனான். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பிரபலங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைத் தொடாமல் கை கட்டிக்கொண்டார்.

“முதல்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்கப்பா. ரூமோட சத்தத்தை மட்டும் எடுக்கணும்.”

“ஆளே பேசாத ரூமுக்கு ஏதுடா சத்தம்?”

“ஏசி இரையும், லைட் இரையும். பேச்சை வெட்டின இடத்துல இதைக் கொஞ்சம் வெச்சு ஒட்டுவோம். இல்லன்னா குழியில கால் வெச்ச மாதிரி கேக்கும்.”

அப்பா தலையாட்டினார். மோட்டாரோடு வாழ்ந்தவருக்கு இரைச்சல் என்றால் புரியும். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. நடுவில் வாயைத் திறந்துவிட்டார். கத்திரி மறுபடி ஒரு முறை எடுத்தான். பிறகு பேச்சு.

அப்பா சாயங்காலம் வரை பேசினார். வலி எடுக்கும்போது வெந்நீர் குடித்துக்கொண்டு பேசினார். அம்மாவைப் பெண் பார்க்கப் போன வீட்டில் மின்சாரம் போய், முகம் சரியாகப் பார்க்காமலே சம்மதம் சொன்னது. மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி லிஃப்ட்டே பழுதாகி அவரையே சரி பார்க்கச் சொன்னது. அப்புறம் அந்த நகைச்சுவை நடிகர் கதை. கத்திரி சின்ன வயதிலிருந்து அதன் ஆரம்பத்தைப் பல முறை கேட்டவன். முடிவை ஒருமுறையும் கேட்டதில்லை. அதற்குள் எழுந்து போயிருப்பான்.

ஒரு ஹோட்டல் லிஃப்ட்டில் அந்த நடிகர் தனியாக மாட்டிக்கொண்டார். திரையில் ஊரையே சிரிக்க வைத்தவர் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தார். அப்பா கதவுக்கு வெளியே நின்று, உதவியாள் மேலே போய் வேலை செய்யும் வரை பேச்சுக் கொடுத்தார். நடுவில் வழக்கம்போல நிறுத்தினார். உள்ளேயிருந்து நடிகர் கத்தினார்: “யோவ், போயிட்டியா? நிறுத்தாதய்யா, பேசிட்டே இரு!”

“அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, யாரும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கத்திரி தன் வாடகை அறையில் லேப்டாப்பைத் திறந்தான். பக்கத்தில் போனில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் பேச்சு திரையில் மேடும் பள்ளமுமாக விரிந்தது. ‘அது வந்து’ என்பதைக் காதால் கேட்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது. ஒரு சின்ன மேடு, ஒட்டி இன்னொரு மேடு, பிறகு நீளமாகத் தட்டைக் கோடு. அம்மாவுக்குக் கொடுக்கப் போவது. அலுவலகத்தில் யார் யாரோ ஆட்களுக்குச் செய்வதை அப்பாவுக்குச் செய்யாமல் இருப்பதா? மேட்டைத் தொட்டான், வெட்டினான். தட்டைக் கோட்டைத் தொட்டான், வெட்டினான். இருமலை எடுத்தான். வெந்நீர் குடித்ததை எடுத்தான். புஸ் என்ற மூச்சை எடுத்தான். சிரிப்பை இழுத்து அதன் இடத்தில் கொண்டுவந்து வைத்தான். அரை நாள் பேச்சு முக்கால் மணி நேரமாயிற்று. இவ்வளவு நேர்த்தியாக அவன் எந்தப் பிரபலத்துக்கும் செய்ததில்லை. கைப்பழக்கத்தில் அதை அந்த வாரத்து ‘முடிந்தவை’யோடு சேர்த்து அலுவலகக் கணினிக்கு ஏற்றினான்.

முடிந்தவை என்று குறித்தவற்றின் மூலப் பதிவுகள் திங்கட்கிழமை காலையில் தானாக அழிந்துவிடும். இடம் போதவில்லை என்று மேனேஜர் புலம்பியபோது அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் கத்திரியேதான்.

அப்பா வீடு திரும்பிய பிறகு, கழுத்துக் கட்டுப் பிரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்பா எதிரில் உட்கார்ந்தார். கத்திரி ஸ்பீக்கரை நடுவில் வைத்தான்.

அப்பா பேசினார். கணீரென்று, தங்கு தடையில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கதைகளைச் சொன்னார். அம்மா முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். பெண் பார்த்த கதையில் உதட்டைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பேச்சு அடுத்ததற்குப் போய்விட்டது. லிஃப்ட் கதையிலும் அப்படியே வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். பிறகு மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

முடிந்தது. அப்பா போனை எடுத்து ஒரு விரலால் டைப் செய்து மகனிடம் நீட்டினார்.

“யாரு இவரு. நல்லா பேசறாரு.”

கத்திரி சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

“இவரு ஏன்டா எங்கயுமே நிறுத்த மாட்டேங்கறாரு? உங்கப்பா ஒரு நாளாவது ஒரு கதையை நேரா சொல்லியிருக்காரா?”

“எடிட் பண்ணிருக்கேன்மா. இழுவை எல்லாம் எடுத்துட்டேன்.”

“அந்த இழுவையிலதானேடா நான் இவரோட குடித்தனம் பண்ணினேன்? இவரு நிறுத்துவாரு, நான் ‘சொல்லுங்க’ம்பேன், அப்புறம் இவரு சொல்லுவாரு. எனக்கு வாயைத் திறக்கவே இடமில்லையே இதுல.” அவள் ஸ்பீக்கரை அவன் பக்கமாக மெல்லத் தள்ளினாள். “சரி விடு. எடுத்ததைத் திருப்பி வெச்சுக் குடு.”

திங்கட்கிழமை அழிப்பு அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது. நாளைக்குத் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

திங்கட்கிழமை அலுவலகக் கணினியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தான். தெரிந்த ஒரு கணினிக்காரனையும் கூட்டி வந்தான். அவன் பார்த்துவிட்டு, “மேல மேல வேற பதிவு ஏறிடுச்சு பாஸ். தோண்டினாலும் வராது” என்றான். கத்திரி தன் லேப்டாப்பைத் துழாவினான். வேலை முடிந்த பிறகு அதில் பிரதி வைக்கும் வழக்கமே அவனுக்கு இல்லை. பழைய போனை மாற்றியபோது பழைய குரல் செய்திகளும் போயிருந்தன. கடைசியில் குடும்ப வீடியோக்களைத் திறந்தான். பிறந்தநாள், சுற்றுலா, புது வீட்டுக்குச் சாமான் ஏற்றியது. எல்லாவற்றிலும் அப்பாவின் வாய் அசைந்தது. எல்லாவற்றிலும் அந்தந்த மாதம் ஹிட்டான ஒரு பாட்டு ஓடியது. பேச்சை அணைத்துவிட்டுப் பாட்டைப் போட்டு வைத்தவனும் அவன்தான்.

அம்மாவிடம் போனில் சொன்னான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். “போனது போச்சு” என்றாள். கடையில் ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகும் வேலை இருந்தது. ஒரு பாடகி வந்தாள். பேச்சின் நடுவில் வாசலில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அந்த இடத்தை வெட்டினால் குழி விழுந்தது. ஒட்டுவதற்கு அறையின் சத்தம் வேண்டியிருந்தது. அறைச் சத்தப் பதிவுகளை மட்டும் அழிப்பதில்லை. எந்தப் பேச்சுக்கும் ஒட்டலாம் என்று தனியே போட்டு வைப்பார்கள். கத்திரி அந்த ஃபோல்டரைத் திறந்தான். அப்பா வந்த சனிக்கிழமை எடுத்தவை இரண்டு இருந்தன. முதலாவது, கெட்டுப்போன பதிவு. தூக்கிப் போட மறந்திருந்தான்.

ஹெட்போனை இறுக்கி, வேகம் கூட்டாமல், ஆரம்பத்திலிருந்து கேட்டான்.

முடிந்ததும் மௌஸ் தானாகத் திரையின் கடைசிப் பகுதிக்குப் போய் நின்றது. அங்கே இன்னொரு குரல் இருந்தது, அவனுடையது. கூர்மையான ஒரு மேடு. வெட்டினால் தழும்பே தெரியாது. பாடகியின் வேலையை அப்படியே விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தொகுப்பாளினி எட்டிப் பார்த்தாள்.

“என்னடா, வெட்ட மனசு வரலையா? நீயா இப்படி?”

“இல்லக்கா” என்றான். வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே மேசை. “ரொம்பச் சின்னதும்மா. பேச்சுன்னு சொல்ல முடியாது” என்று முன்கூட்டியே சொன்னான். அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

முதலில் ஏசியின் இரைச்சல். அதற்குள்ளே, காதைக் கொடுத்தால், மூக்கால் இழுத்து மூக்கால் விடுகிற மூச்சு. அப்பா கழுத்துத் துளையை மூடிய துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாற்காலி கிரீச்சிட்டது. எச்சில் விழுங்கும் சத்தம். பிறகு,

“அது வந்து…”

ஒன்றுமில்லை. இரைச்சல். மூச்சு.

“சொல்லுங்க” என்றாள் அம்மா. தன்னையறியாமல் சொன்னாள்.

“…ரூமு இப்ப பேசிடுச்சா? என் முறை எப்ப?”

புஸ் என்று காற்று வந்தது. சிரிப்பு வருவதற்கு முன்னால் மகனின் குரல், வேகமாக, சுத்தமாக, குறுக்கே விழுந்தது.

“அப்பா, பேசாதீங்கப்பா.”

அவ்வளவுதான். சிரிப்பு வரவேயில்லை.

அம்மா ஸ்பீக்கரைத் தன் பக்கமாக இழுத்து, “இன்னொரு தடவை போடு” என்றாள். அப்பா மகனைப் பார்த்து, போடு என்று விரலால் காட்டினார்.

அதன் பிறகு அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா அதைப் போடச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் “சொல்லுங்க” என்பாள். ஸ்பீக்கரில் அப்பா பதில் சொல்வார். அந்தப் பதில் முடியப் போகிறது என்று தெரிந்ததும் கத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போவான். சின்ன வீடு. குழாயைத் திறந்து விட்டாலும் அவன் குரல் அங்கே கேட்கும்.