அம்மிக்கு இட்ட இருக்கைவார்

என் உயிர் காத்த செயலொன்று பிறர்க்கும் பயன்பட வேண்டும் என்றே இதனை வரைகின்றேன்.

மகளின் சீர்வரிசை அம்மியைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குச் சீருந்தில் கொண்டு சென்றோம். முன்னிருக்கையில் நான்; என் பின்னே அம்மி; அதனருகே தோட்டத்துப் பூசணிக்காயும் என் மனைவியும். மனைவி அம்மிக்கும் இருக்கைவாரை மாட்டினார்.

“அம்மிக்கு பெல்ட்டா? அப்டியே தாலியும் கட்டிடுங்கம்மா!” என்று நகைத்தார் ஓட்டுநர்.

“நீ பிரேக் போட்டா வண்டிதான் நிக்கும், கல்லு நிக்காதுப்பா,” என்றார் மனைவி.

வழியில் மாடு குறுக்கிட, வண்டி சட்டென நின்றது. வண்டி இழந்த வேகத்தைப் பூசணிக்காய் இழக்கவில்லை. எனக்கும் ஓட்டுநருக்கும் இடையே பாய்ந்து முன்பலகையில் மோதிச் சிதறியது. அம்மியோ அசையவேயில்லை. என் பிடரி தப்பியது!

“இப்ப யாரு தாலி தப்பிச்சிது, பாத்தியா?” என்றார் மனைவி, வெற்றிப் புன்னகையுடன்.

இப்போது தேங்காய் மூட்டையையும் கட்டியே ஏற்றுகின்றேன். என் இயற்பியல் விளக்கத்தில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக.