நத்தார் தபாலின் வட்டச் சீல்

பெயர் எழுதிய தபால்பெட்டி எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. எண்பதுகளில் பாரிஸின் லாச்சப்பலைச் சுற்றி ஓர் அறையில் ஆறேழு பேர் படுத்தோம். வாடகை வேறு யாருடைய பெயரிலோ இருக்கும். தபால்காரருக்கு எங்களைக் கண்டுபிடிக்க வழியில்லை. மாதா கோயில் இளைஞர்கள் கிறிஸ்மஸ் வாழ்த்துகளுக்கென்று நத்தார் தபால் தொடங்கியது அதனால்தான். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் வாழ்த்து அட்டைகளைச் சேர்த்து, நட்சத்திரம் அச்சடித்த முத்திரையை ஒட்டி, நாங்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். முத்திரைக் காசு மன்னார்ப் பக்கத்து முகாம் பிள்ளைகளுக்குப் போகும். நான் வேதக்காரன் இல்லை. வேலை இல்லாமல் இருந்தேன், ஓரிடத்தில் இருக்கவும் பிடிக்காது. பையைத் தூக்கிக்கொண்டேன்.

முதல் வருஷம் உருளைக்கிழங்கை வெட்டி, மையில் தோய்த்து, முத்திரைமேல் குத்தினோம். இரண்டாம் வருஷம் யாரோ வட்டமான இறப்பர் சீல் ஒன்று செய்வித்தார்கள். சுற்றிவரப் பிரெஞ்சு எழுத்து, நடுவில் திகதி.

"போன வருஷம் கறிக்கு வெட்டின மாதிரிக் கிடந்தது. இப்பதான் அரசாங்கம் மாதிரிக் கிடக்கு" என்றார் கடைக்காரர். எங்களுக்கும் பெருமைதான்.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை புறநகரான பியர்ஃபித்திலிருந்து ஓர் அண்ணை வந்தார். உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவர். பொண்டியில் இருக்கும் தம்பியோடு நெடுநாளாகப் பேச்சில்லை என்றார். என்ன கோபமென்று நான் கேட்கவில்லை. நத்தாருக்குச் சாப்பிட வரும்படி அட்டையில் எழுதியிருந்தார். உறையில் விலாசத்தை மட்டும் என்னை எழுதச் சொன்னார்.

"என்ரை எழுத்தைக் கண்டால் உடைக்கமாட்டான், தம்பி."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பி நிரப்பிப் பிரெஞ்சுப் பெரிய எழுத்து நன்றாக வரும். அப்படியே எழுதினேன். நட்சத்திர முத்திரைகள் முடிந்திருந்தன. சீலை மட்டும் அழுத்திக் குத்தினோம்.

பொண்டியில் கதவு திறக்கவில்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். உறையைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு வந்தேன்.

நத்தார் கழிந்து, தம்பியோடு அறையில் இருந்தவர் அந்த உறையைக் கடைக்குக் கொண்டுவந்தார். அது உடைபடவில்லை. தம்பியின் அகதி விண்ணப்பம் முன்னமே நிராகரிக்கப்பட்டிருந்ததாம். அன்று அறைக்கு முதலில் திரும்பியது தம்பிதான்.

"நான் வரேக்கை சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டவன். சீலைக் காட்டி, பிரெஃபெக்த்தூரிலை இருந்து வெளியேறச் சொல்லிக் காகிதம் வந்திட்டுது, இனி இஞ்சை இருக்கேலாது எண்டான். எங்கை போறனெண்டு சொல்லேல்லை."

அண்ணையிடம் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை ஏசவில்லை.

"என்ரை எழுத்தெண்டால் கோவத்திலை கிழிச்சுப் போட்டிருப்பான்" என்றார். "ஆனா அங்கையே இருந்திருப்பான்."

அடுத்த மார்கழியில் உருளைக்கிழங்குக்கே திரும்பினோம். அண்ணையும் வந்து ஒரு நட்சத்திர முத்திரை வாங்கினார். எழுதுவதற்கு விலாசம் இல்லை. தம்பியை எங்காவது கண்டால் சொல்லும்படி கேட்டார்.

அதன்பின் நான் பல ஊர் திரிந்தேன். போன இடமெல்லாம் தமிழ்க் கடைகளில் அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். பெயரை மாற்றிக்கொண்டிருப்பான் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அதற்குப் பிறகும் கேட்டேன்.