தறிக்குழியில் ஒரு கண்ணாடிச் சாடி

பீட்ரூட் வேகும்போது, ஈர மண்ணைப் பானையில் போட்டுக் காய்ச்சினாற்போல ஒரு மணம் எழும்பும். அதன்மேல் வினிகர் எனும் காடியின் புளிப்பும் கிராம்பின் காரமும் ஏறிக்கொண்டால் மூக்கின் அடிவரை போய் இருமலைக் கிளப்பிவிடும். சேலத்தில் நான் தங்கிப் படிக்கும் ஆசிரியப் பயிற்சி விடுதியின் சமையற்கட்டிலிருந்து எப்போதாவது அந்த மணம் வரும்போது என் தோழிகள் பசிக்கிறது என்பார்கள். எனக்குக் கோபம் வரும். இத்தனை ஆண்டுகளாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை.

எடப்பாடியில் எங்களுடையது நெசவு வீடு. முன்கூடத்தில் அப்பாவின் குழித்தறி, அதன் பக்கத்தில் அம்மா நூல் சுற்றும் ராட்டை, புறக்கடையில் சாய அடுப்பும் சாயப்பானைகளும். தறி அப்பாவுடையது, மற்றதெல்லாம் அத்தையுடையது. அப்பாவின் அக்காளான பாவாயி அத்தை, கணவன் இறந்தபின் மகன் மாணிக்கத்தோடு எங்கள் வீட்டுக்கே வந்து, வந்த நாள் முதல் அதை ஆண்டாள். உடுத்துவது வெள்ளைச் சேலை. முழங்கைவரை மட்டும் எந்நாளும் சிவப்பு. அவள் வைக்கும் சிவப்பைப் போல் அந்தத் தெருவில் எவராலும் வைக்க முடியாது என்பது உண்மைதான். அதை அவளே ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருப்பாள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களையும் குழந்தைகளையும் ஒன்றுபோல "சாமி" என்றுதான் அழைப்பார்கள். அத்தையும் அப்படித்தான், நூல் சுமந்து வருகிறவன், மோர் விற்கிறவள், தெருவில் விளையாடும் பிள்ளைகள் எல்லோரும் அவளுக்குச் சாமிதான். நான் மட்டும் "ஏ புள்ள".

காரணம் நான் பள்ளிக்கூடம் போனது. எங்கள் குடும்பத்தில் ஆணிலும் பெண்ணிலும் பள்ளிப் பலகையில் உட்கார்ந்தவர்களில் நான்தான் முதல். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் தை மாதத்தில் என்னை மாணிக்கத்துக்குக் கட்டிவைப்பது என்று அத்தை முடிவு செய்திருந்தாள். அவன் கெட்டவன் அல்லன். சாப்பிடும்போதுகூட அவனுக்கு அவன் அம்மா சொல்லித்தான் எந்தக் கையை நீட்டுவது என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் டீச்சரம்மா என்னிடம் வேறொன்று சொல்லியிருந்தார். ஆண்டு முடிவில் கைவேலைக் கண்காட்சியைப் பார்க்க இன்ஸ்பெக்டரம்மா வருவார். அவர் மெச்சி எழுதினால் சேலத்து உயர்நிலைப் பள்ளியின் விடுதியில் இலவசமாக ஓர் இடம் கிடைக்கும். ஆகவே எனக்கு இரண்டே வழிகள் இருந்தன: ஒன்று சேலம், மற்றொன்று அத்தையின் மருமகளாகி அந்தச் சாயப்பானைக்கருகே கிழவியாவது.

அந்த ஆண்டுக் கண்காட்சிக்கு டீச்சரம்மா எனக்குக் கொடுத்த வேலைதான் பீட்ரூட். ஏற்காட்டுத் தோட்டத்து பங்களாவிலிருந்து அவருக்கு ஒரு கூடை வந்திருந்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் அந்நாளில் அப்படியொரு கிழங்கை எவரும் கண்டதில்லை. தோலோடு வேகவைத்து, உரித்து, வட்டமாக அரிந்து, காடியும் சர்க்கரையும் கிராம்பும் சேர்த்துக் காய்ச்சிய நீரை ஊற்றி, ரப்பர் வளையம் வைத்த மூடியால் இறுக்கி, சாடியோடு வெந்நீரில் கொதிக்கவிட வேண்டும். கண்காட்சி நாள்வரை அது பூசணம் பூக்காமல், நுரைக்காமல், நிறம் மாறாமல் இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடிச் சாடிகளையும் கிழங்குகளையும் ஒரு புட்டி காடியையும் கொடுத்து, "வீட்டிலேயே செய்து கொண்டு வா. இரண்டில் ஒன்றாவது தேறும்" என்று அனுப்பினார்.

நான் கூடையை வீட்டுக்குள் கொண்டு வந்தபோது அத்தை ஒரு கிழங்கை அரிவாள்மனையில் வைத்துப் பிளந்து பார்த்தாள். வெள்ளைச் சேலையின் முந்தானையில் சாறு தெறித்தது.

"ஆட்டு ஈரலாட்ட இருக்குது. இதையப் போயிக் கெழங்குங்கறே! என்ற அடுப்புல இது ஏறக்கூடாது புள்ள."

"பள்ளிக்கூடத்துல செய்யச் சொல்லியிருக்கறாங்க அத்தை."

"பொட்டப்புள்ளைக்குக் கெழங்கு அவிக்கச் சொல்லித்தரத்தான் பள்ளிக்கூடமா? அதைய நான் ஊட்டுலயே சொல்லித்தர மாட்டனா? அதுக்கு எதுக்கு ஸ்லேட்டு, எதுக்குப் பொஸ்தகம்?"

இன்றும் இதற்குச் சரியான பதில் எனக்குத் தோன்றவில்லை என்பது தனி எரிச்சல்.

சமையலடுப்பு கிடையாது என்றானபின் நான் புறக்கடைச் சாய அடுப்பில், அம்மா பின்வாசல் வழியாக எடுத்துக் கொடுத்த புதுப்பானையில் வேகவைத்தேன். கொதித்துப் பொங்கியபோது கொஞ்சம் பக்கத்திலிருந்த சாயக்கல்லின்மேல் வழிந்தது. அந்தக் கல்லில்தான் அத்தை சோடாக்காரத்தில் ஊறிய நூலை அடித்துப் பிழிவாள். கையைப் பொசுக்குகிற அந்தக் கார நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே எந்த நூலையும் சாயத்தில் அமிழ்த்துவது எங்கள் வழக்கம். காரம் ஊறிய அந்தக் கல்லில் பட்டதும், ரத்தச் சிவப்பாக ஓடிய நீர் கண்ணெதிரே மஞ்சளாயிற்று. விரலால் தொட்டுப் பார்த்தேன், மஞ்சள்தான். பானையில் சிவப்பு, கல்லில் மஞ்சள். ஏன் என்று அப்போது தெரியாவிட்டாலும் அதை மனத்தில் வைத்துக்கொண்டேன்.

பிறகு காடியைக் காய்ச்சினேன். எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியிருந்த காலம் அது. புளித்த வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் தெருவே மூக்கைத் தீட்டிக்கொள்ளும். அடுத்த வீட்டுப் பொன்னம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க பாவாயக்கா, உங்க ஊட்டுல சரக்கு எறங்குதாட்ட இருக்குதுங்களே! எங்க ஊட்டுக்காரருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைங்க" என்றாள். அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அத்தை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "போலீசுக்காரன் வந்தான்னா முதல்ல உன்னத்தான் புடிச்சுக் குடுப்பேன்" என்றாள். அதை அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சாடிகள் இரண்டும் இறுகி மூடிக்கொண்டன. இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார் டீச்சரம்மா. பேயைப் புட்டியில் அடைத்ததுபோல் இருக்கிறது, உள்ளே வைக்காதே என்று அத்தை விரட்டினாள். எங்கள் வீட்டில் அவள் கை எட்டாததும் இருட்டானதும் குளிர்ந்ததுமான இடம் ஒன்றே ஒன்றுதான்: அப்பா காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழி. மிதிபலகைகளுக்கு அப்பால் குழியின் மூலையில் இரண்டையும் வைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் ஒன்றும் சொல்கிறவர் அல்லர். அத்தை என்னை வைதபோதும், அம்மாவை வைதபோதும், கல்யாணப் பேச்சை எடுத்தபோதும், தறியில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடா இப்பக்கமும் அப்பக்கமும் ஓடிக்கொண்டிருந்ததே அவர் பேச்சு.

கண்காட்சிக்குச் சில நாள்கள் இருக்கும்போது ஒரு கல்யாணச் சேலை வேலை வந்தது. சந்தன நிற உடம்பு, அரக்குச் சிவப்புக் கரை. யுத்தத்தால் சீமைச் சாயப்பொடி வருவது நின்றிருந்தது. இருந்த பொடியும் ஈரத்தில் கட்டி பிடித்துப் பாழாகிவிட்டது. சிவப்பு இல்லை என்று திருப்பி அனுப்ப அத்தைக்கு மனம் வரவில்லை. "பாவாயி ஊட்டுல சிவப்பு இல்லைன்னு ஊரு பேசோணுமா?" என்று அன்று காலையெல்லாம் புலம்பினாள். பிறகு தன் முந்தானையைப் பார்த்தாள். வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசியும் பீட்ரூட் தெறித்த இடம் இளஞ்சிவப்பாகவே இருந்தது. கரைக்கு வேண்டியது கொஞ்சம் நூல்தானே என்று நினைத்திருப்பாள். நேரே தறிக்கு வந்து நின்றாள்.

"டேய் பழனி, குழிக்குள்ள இவ ஒளிச்சு வெச்சிருக்கற பாட்டிலை எடு."

"எதுக்குங்கக்கா?" என்றார் அப்பா.

"சாயத்துக்கு. சாறு எனக்கு, பாட்டிலும் எனக்கு. இறுக்கி மூடற பாட்டிலு இருந்திருந்தா என்ற பொடி கட்டி புடிச்சிருக்குமா? இவளுக்கு எதுக்கு அது?"

நான் அம்மாவின் ராட்டைப் பக்கத்திலிருந்து எழுந்தேன். "அத்தை, அது நிக்காதுங்க. சோடாக்காரம் பட்டா மஞ்சளாப் போயிரும். சாயக்கல்லுல நானே பாத்தனுங்க."

"கேட்டியாடா பழனி? பொறந்ததுலருந்து காரத்துல போடாத நூலை நான் சாயத்துல போட்டதில்லை. இவ நாலெழுத்துப் படிச்சுட்டு எனக்குக் காரம் சொல்லித்தாரா!"

சொல்லி முடிக்குமுன் அவள் கை என் கன்னத்தில் விழுந்தது. அம்மா ராட்டையை நிறுத்தாமல் அழுதாள். அப்பா குனிந்து ஒரு சாடியை எடுத்து நீட்டினார்.

"இன்னொண்ணு எங்கடா?"

"ஒண்ணுதானுங்கக்கா இருந்துது."

நான் நின்ற இடத்திலிருந்து குழிக்குள் தெரிந்தது. அவருடைய இடது கால், வழக்கமாக மிதிக்கும் பலகையை விட்டு மூலைப் பக்கம் நகர்ந்து, இரண்டாவது சாடியின் முன்னால் ஊன்றியிருந்தது. அக்காளிடம் அவர் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான்.

அத்தை என் கண்முன்னே மூடியைத் திருகித் திறந்தாள். வில்லைகளைச் சாற்றோடு பானையில் கவிழ்த்துப் பிசைந்து, தண்ணீர் விட்டுச் சூடாக்கினாள். சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு. நானே ஒரு கணம் பயந்துபோனேன். பிறகு, கைவிடாத வழக்கப்படி, காரத்தில் ஊறிய நூலைப் பிழிந்து அதில் அமிழ்த்திக் கோலால் புரட்டினாள். இரண்டாவது புரட்டில் நீர் கலங்கியது. மூன்றாவது புரட்டில் அத்தையின் முகம் கலங்கியது. கோலில் தூக்கிய நூல், குழந்தை நனைத்த துணிபோல ஒரு மஞ்சளில் சொட்டிக்கொண்டிருந்தது.

வேலிக்கு மேலே பொன்னம்மாவின் தலை தெரிந்தது. "சிவப்புக் கரைன்னீங்களேக்கா? தாலிக்கு மஞ்சக் கயிறு திரிச்சுக் குடுக்கறீங்களாட்ட இருக்குது!"

அத்தைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தெருவே கூடிப் பார்க்கும்படி என் மயிரைப் பிடித்து இழுத்து, நான் வாய் வைத்ததால்தான் சாயம் செத்துப்போயிற்று என்று கத்தினாள். கல்யாண வீட்டார் வேறு வீட்டில் சேலை போடப் போய்விட்டார்கள். அவள் கைக்கு வந்த முதல் இழுக்கு அது. மறுநாள் முதல் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்றாள். மாணிக்கம் ஒரு மூலையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டரம்மா வரும் நாளன்று காலையில் நான் ராட்டையின் முன்தான் உட்கார்ந்திருந்தேன். நாடாவின் ஓட்டம் திடீரென்று நின்றது. அப்பா குழியிலிருந்து எழுந்து வந்தார். தோள் துண்டில் எதையோ சுற்றி இடுப்போடு அணைத்திருந்தார். "எந்திரி சாமி" என்றார் என்னிடம்.

"எங்கடா கூட்டிட்டுப் போறே அவளை?" என்று அத்தை புறக்கடையிலிருந்து கேட்டாள்.

"வாரேனுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் துண்டைப் பிரித்துச் சாடியை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

கண்காட்சி மேசையில் என் சாடி வெயில் பட்டு மாதுளை முத்துப்போல் இருந்தது. இன்ஸ்பெக்டரம்மா மூடியைத் திறக்கச் சொல்லி, முகர்ந்து, கரண்டியால் ஒரு துண்டு எடுத்துத் தின்று, "இதற்குக் காடி எதற்கு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் புளிப்புக்கு என்றார்கள், கெடாமலிருக்க என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: கெடாமலிருக்கவும்தான், நிறம் நிற்கவும்தான், புளிப்பு இருந்தால் இந்தச் சிவப்பு நிற்கும், காரம் பட்டால் மஞ்சளாகிவிடும், எங்கள் வீட்டில் இதைக் காரத்தில் ஊறிய நூலுக்குச் சாயமாக வைத்துப் பார்த்தார்கள், மஞ்சளாகிவிட்டது. அவர் வியந்துபோய், வைத்துப் பார்த்தது யார் என்று கேட்டார். என் அத்தை என்றேன். அவள் எனக்குச் செய்த ஒரே உதவி அது, தெரியாமல் செய்தாள். எனக்குச் சேலத்தில் இடம் கிடைத்தது.

இதையெல்லாம் கேட்டால், உன் அப்பா எவ்வளவு நல்லவர் என்பார்கள் என் தோழிகள். ஒரு பொய்க்கும் ஒரு காலை நடைக்கும் நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். மற்ற நாள்களின் மௌனத்தை அதில் கழித்துக்கொள்ள நான் ஒப்பவில்லை.

இப்போது பீட்ரூட் சேலம் கடைவீதியில் வெங்காயத்தோடு வெங்காயமாகக் குவிந்து கிடக்கிறது. லாரி ஏறி எடப்பாடிச் சந்தைக்கும் வந்துவிட்டது. அதை ஈரல் என்று சொல்ல இன்று ஆளில்லை. அத்தையே பொரியல் செய்கிறாள். இந்தக் கிழங்கு தெருவில் முதன்முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான் என்று வருகிறவர்களிடம் சொல்லவும் செய்கிறாள். மாணிக்கத்துக்கு வேறிடத்தில் பெண் எடுத்தாயிற்று. அப்பாவுக்குக் கால் வீங்கிக்கொண்டதால் குழியைத் தூர்த்து மேடைத்தறி போட்டுவிட்டார்கள். வீட்டில் அந்த இருட்டும் குளிர்ச்சியும் இப்போது இல்லை. பள்ளியில் டீச்சரம்மா எனக்கே கொடுத்துவிட்ட சாடி விடுதியில் என் மேசைமேல் இருக்கிறது. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டது; அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் அத்தை சேலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் என்னைப் பார்க்க விடுதிக்கும் வந்தாள். முழங்கைச் சிவப்பு வெளிறியிருந்தது. என் கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்த அவள் கண் மேசைக்கு வந்ததும் நின்றது. என்னிடமிருந்து பிடுங்கிய சாடி போன வருஷம் கைதவறி உடைந்துவிட்டதாம்.

"பொடி மறுபடியும் கட்டி புடிக்குது. அந்தப் பாட்டிலைக் குடுத்துவிடு சாமி" என்றாள்.

அவள் என்னைச் சாமி என்றது அதுவே முதல் தடவை. நான் பேனாக்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். சாடியைத் துடைத்து, என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு அவளுக்குக் காப்பி கொண்டுவரப் போனேன்.