டிரம்ஸ் மறைத்த முகம்

நான் கல்யாணப் படம் எடுப்பவன். மலேசியாவின் கூலாய் நகரில் ஓர் இளைஞர் ராக் குழுவின் முதல் நிகழ்ச்சியையும் அதே பழக்கத்தில், மேடைக்கு நேர் எதிரே நின்று எடுத்தேன்.

டிரம்ஸ் வாசித்த ஸ்டெல்லாவின் அம்மாவுக்கு அன்று தொழிற்சாலையில் ஷிப்டு. மறுநாள் ஆசையாகப் படங்களைப் பார்த்தார்.

“எல்லாம் அழகா இருக்கு அண்ணே. எம்மவ எங்க?”

டிரம்ஸ் மறைத்ததில், ஒரு படத்திலும் அவள் முகம் இல்லை.

“பரவால்ல லா அங்கிள், கை தெரியுதே!” என்று ஸ்டெல்லா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த ஒத்திகையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மற்ற மூவரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் தலையசைத்த பிறகே தொடங்கினார்கள். அதைத்தான் எடுத்தேன்.

அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். “இவ சொன்னாத்தான் அவனுங்க ஆரம்பிப்பானுங்களா?”

இப்போதெல்லாம் கல்யாண மேடையையும் ஒருமுறை சுற்றி வந்த பிறகே கேமராவைத் திறக்கிறேன்.