பெரட்டுக்களத்தில் பதினாறு அங்குலம்

தெஹியோவிட்டயில் ஹில்மி நானாவின் மோட்டர் கடையில் ஒன்பது வருடமாகச் செம்புக் கம்பி சுற்றுகிறாள் சுகந்தினி. எல்லாரும் கைவிட்ட மோட்டர் கடைசியில் அவள் கைக்குத்தான் வரும். அந்தக் கையில் சுண்டுவிரல் மட்டும் மடங்காது. புருஷன் ஏழுமலை கதவிடுக்கில் வைத்து நசுக்கியது. ரப்பர் பால் வெட்டுகிறவன். வேலைக்குப் போகாத நாளெல்லாம் குடி, குடித்த நாளெல்லாம் அடி.

இந்த வருடம் அவள் மின்பொறி பாய்ச்சும் டெஸ்லா சுருள் ஒன்று செய்தாள். தொழிற்கல்லூரியில் உதவிப் போதனாசிரியர் வேலைக்கு அதுதான் பரீட்சை. பொறி எவ்வளவு தூரம் பாயும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பிறகு செய்து காட்டி வீடியோ அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வேலையோடு தங்கக் குவாட்டர்ஸும் உண்டு. அந்தக் கதவை அவளே உள்ளேயிருந்து தாழ்போட்டுக்கொண்டு தூங்கலாம். வேறென்ன வேண்டும் அவளுக்கு!

கணக்கு பதினாறு அங்குலம் என்றது. அவர்கள் குடியிருந்த தோட்ட லயத்துக் காம்பராவிலோ பொறி ஐந்து அங்குலத்தைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“பதினாறாம்ல! ஒனக்கென்ன பிஸ்ஸாடி, பைத்தியமா?” என்று சிரித்தான் ஏழுமலை. சிரித்து முடித்ததும் அவளுடைய கணக்கு நோட்டாலேயே முகத்தில் அறைந்தான். உதடு கிழிந்தது.

ரத்தம் துடைத்த கையோடு மறுபடி கணக்கைப் பார்த்தாள், பாவி மகள். பிழை இல்லை. அண்ணாந்து பார்த்தபோதுதான் உறைத்தது. கணக்குக்கு வெட்டவெளிதான் தெரியும். தலைக்கு மேலே கிடக்கிற தகரக்கூரை தெரியாது. அந்தத் தகரம் சுருளின் அதிர்வெண்ணைக் கீழே இழுத்துவிட்டது, பொறியும் சுருங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சுருளைப் பெரட்டுக்களத்துக்குத் தூக்கிப் போனாள். மற்ற நாளில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம், அன்று காலியாகக் கிடந்தது. ஒயர் இழுத்தாள். சுருளைச் சுற்றி அங்குலத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டாள். போனைக் கல்லில் சாய்த்து வீடியோவை ஓடவிட்டு, சுவிட்சைக் கையில் எடுத்தாள்.

ஏழுமலை வந்தான். கையில் பால்வெட்டுக் கத்தி.

“குவாட்டர்ஸ் பாத்துட்டுப் போறியாமே? மொதல்ல இத வெட்டுறேன், அப்புறம் ஒன்ன வெட்டுறேன்!”

“கோட்டுக்குள்ள வராதீங்க. இங்க அஞ்சு இல்ல, பதினாறு.”

“ஒங் கணக்கு என்னைக்கிடி நெசமாச்சு?”

வயிற்றில் உதைத்தான். அவள் குப்புற விழுந்தாள், சுவிட்சை மட்டும் விடவில்லை. அவன் சுருளுக்குப் பக்கத்தில் போய்க் கத்தியை நீட்டிக் குறிபார்த்தான். அவன் கண்டதெல்லாம் ஐந்து அங்குலம்தான். அதற்கு அப்பால் நின்றால் போதும் என்று நினைத்துவிட்டான், மடையன்.

வேண்டாம் என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தாள். பிறகு சுவிட்சை அழுத்தினாள்.

ஊதா நிறத்தில் பொறி படாரென்று பாய்ந்து கத்தி முனையைக் கவ்வியது. ஏழுமலை அலறினான். கத்தி ஒருபக்கம் பறந்தது, ஆள் ஒருபக்கம் மல்லாக்க விழுந்தான். உள்ளங்கைத் தோல் வெந்து சுருண்டது. சுவிட்சை அணைத்தபோது அவளுக்குச் சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷமே உடனே அவளைப் பயமுறுத்தியது.

ஆட்டோ பிடித்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தாள். கோடுகளை எண்ணினாள். பதினைந்து.

நோட்டில் எழுதினாள்: கணக்கு பதினாறு, நிஜம் பதினைந்து.

வீடியோவில் அவன் உதைத்ததும் இருந்தது, அவள் சுவிட்சை அழுத்தியதும் இருந்தது. ஒன்றையும் நீக்காமல் முழுசாகத் தொழிற்கல்லூரிக்கு அனுப்பினாள்.