ஹோல்டான்

இந்த ஊரில் யாரும் வண்டிக்குப் பின்னால் நிற்பதில்லை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது குளிரோ, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் கடைகளோ அல்ல, இதுதான். காலையில் என் ஜன்னலுக்குக் கீழே எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுப்பார். கார் தானே பீப் பீப் என்று கத்தும், தானே நிற்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மேலே காபி டம்ளரோடு நிற்கும் எனக்குத்தான் கை பரபரக்கும். ‘வரலாம், வரலாம், லேசா லெஃப்ட்ல ஒடிங்க’ என்று வாய் முணுமுணுக்கும். ஒருநாள் என்னையறியாமல் கையையே ஆட்டிவிட்டேன். அவர் அதைக் காலை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கையாட்டினார். அன்றிலிருந்து தினமும் கையாட்டிக்கொள்கிறோம். நான் ரொம்பச் சிநேகமான பெண் என்று அவர் நினைப்பு.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. “ஏத்தா, பின்னாடி ஆளே நிக்கமாட்டாகளா? அப்ப இடிச்சா யாரை வைவாக?” என்றார். அப்பா எங்கள் ஊர் புதுவயலில் ஒரு ரைஸ்மில்லுக்கு லாரி ஓட்டுகிறார். எங்கள் தெருவுக்குள் லாரி முன்பக்கமாக வந்தால் திரும்ப வழியில்லை, ரிவர்ஸில்தான் வர வேண்டும். கிளீனர் பாதி நாள் வரமாட்டார். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லாரிக்குப் பின்னால் நிற்கிற வேலை எனக்கு. பாடியில் படபடவென்று தட்டினால் வரலாம். ஓங்கி ஒரு அடி அடித்து ‘ஹோல்டான்’ என்று கத்தினால் அப்படியே நின்றுவிட வேண்டும். மற்ற நேரத்தில் ‘சாப்பிட வாரீகளா’, ‘தண்ணி வேணுமாப்பா’ என்று மரியாதையாகப் பேசுகிற நான், ஹோல்டானுக்கு மட்டும் எந்த மரியாதையும் சேர்த்ததில்லை. சேர்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் சுவர் போய்விடும்.

இப்படிப்பட்டவளுக்குக் காரைக்குடியில் பொறியியல் படிப்பு, சென்னையில் கொஞ்ச காலம் வேலை, அப்புறம் ஃப்ரைபுர்க் என்ற இந்த ஊர். நான் மென்பொருள் எழுதுகிறவள். பெரிய கிடங்குகளுக்குள் நுழைகிற சரக்கு லாரி எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று சொல்கிற மென்பொருள். “அதான் இங்கயே பாத்துக்கிட்டு இருந்தியே, அதுக்கு எதுக்குத்தா பிளேன் ஏறிப் போகணும்?” என்று அப்பா கேட்டார்.

வேலை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வில்லங்கம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் புரோபேட்சைட் என்று ஒரு சோதனைக் காலம் வைப்பார்கள். அது முடிகிற சமயத்தில் என் மேலாளர் பிர்கிட் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். என் கோடில் குறையில்லையாம். ஆனால் நான் யார் என்றே டீமில் யாருக்கும் தெரியவில்லையாம். அவரை நான் இன்னும் ‘ஸீ’ என்று அழைப்பது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறதாம். ஜெர்மனில் ‘டூ’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள். எங்கள் அலுவலகத்தில் முதலாளிவரைக்கும் எல்லோரும் டூதான். எனக்கு மட்டும் அம்மா வயதுக்காரரை நீ என்று சொல்ல வாய் வராது. கேபிள் பணம் வாங்க வருகிறவரையே ‘உக்காருறீகளா’ என்று கேட்கிற பக்கத்திலிருந்து வந்தவள் நான். மரியாதை கொடுத்தால் தள்ளிவைக்கிறாள் என்று வருத்தப்படுகிற ஊரில் வந்து மாட்டிக்கொண்டேன்.

டீமுக்கு என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். என் குணம், பொழுதுபோக்கு, வந்த வழி. அதன்பிறகு வேலையை நிரந்தரமாக்குவது பற்றிப் பேசலாம் என்றார். வேலை போனால் விசா போகும். அதைவிடப் பெரிய பயம், மகள் ஜெர்மனியில் இருக்கிறாள் என்று அப்பா மில் மில்லாகச் சொல்லிவைத்திருக்கிறார்.

நீங்களும் இந்தப் பரீட்சையை எழுதியிருப்பீர்கள். குணம் என்ற தலைப்பில் இங்கே இன்ட்ரோவெர்ட்டா எக்ஸ்ட்ரோவெர்ட்டா என்று கேட்கிறார்கள். எங்கள் தெருவில் வாய்க்காரி, ஊமைக்குசும்பு என்று இரண்டே ரகம். நான் இரண்டாவது. அதை எப்படி மொழிபெயர்ப்பது? பொழுதுபோக்கு இன்னும் மோசம். கல்லூரியில் வேலைக்கு விண்ணப்பித்தபோது எங்கள் வகுப்பே ஒருவரைப் பார்த்து ஒருவர் ‘தபால்தலை சேகரித்தல்’ என்று எழுதியது. எங்கள் வீட்டுக்குத் தபால் என்று வந்ததே கரண்ட் ஆபீஸிலிருந்துதான், அதிலும் தபால்தலை இருக்காது. லாரிக்குப் பின்னால் நிற்பது என்று எழுதலாமா என ஒரு நிமிடம் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. கடைசியில் டீம் கூட்டத்தில் எழுந்து, ஊரில் இருந்தால் குன்றக்குடிக்குப் போவோம், செருப்பில்லாமல் மலையேறுவோம் என்றேன். அது முருகன் கோயில், ஒழுங்கான படிக்கட்டு, ஏறி இறங்கிச் சாவகாசமாகப் பொங்கல் சாப்பிடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தில் சலசலப்பு. செருப்பில்லாமலா? மலையா? மலையேற்றம் இவர்களுக்கு உயிர். ஆறு மாதமாக வாய் திறக்காதவர்களெல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை டீம் மொத்தமும் ஊரை ஒட்டிய கருங்காட்டு மலைக்குப் போவதாக முடிவானது. என் தகுதிக்கு ஏற்றபடி கடினமான பாதையாகத் தேர்ந்தெடுத்திருப்பதாக பிர்கிட் பெருமையோடு சொன்னார்.

சனிக்கிழமை வாடகை வேனை பிர்கிட்டே ஓட்டினார். வழியெல்லாம் நான் முருகனை வேண்டிக்கொண்டு வந்தேன். காட்டுக்குள் ஒற்றைத் தடப் பாதையில் எதிரே ஒரு பால் லாரி வந்து நின்றது. முருகன்தான் அனுப்பியிருக்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வேன்தான் பின்னால் போக வேண்டும். பின்பக்கக் கேமராவில் சேறு அப்பியிருந்தது. சென்சாரோ பாறை, புல், மழைத்துளி எதற்கும் பேதம் பார்க்காமல் கத்தியது. டீம் இறங்கி வட்டமாக நின்று விவாதிக்க ஆரம்பித்தது. பிர்கிட்டின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

நான் எப்போது வேனுக்குப் பின்னால் போய் நின்றேன் என்று எனக்கே தெரியாது. படபடவென்று தட்டினேன். வாடகை வண்டி என்று யாரோ பதறினார்கள். வரலாம், வரலாம் என்று தமிழிலேயே கூப்பிட்டேன். கை சொல்வதைக் கண்ணாடியில் பார்த்து பிர்கிட் மெல்ல மெல்ல வந்தார். வளைவில் பின்சக்கரம் பள்ளத்து விளிம்பில் ஏறியது. ஓங்கி ஒரு அடி அடித்து, புதுவயலுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

“ஹோல்டான்!”

வேன் அந்த இடத்திலேயே நின்றது. சக்கரத்துக்குக் கீழே மண் சரிந்து பள்ளத்தில் விழுந்தது.

பால் லாரி கடந்து போனதும் பிர்கிட் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “கடைசியில் என்னை நீ என்று சொல்லிவிட்டாய்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளக்கினார்கள். ஜெர்மனில் ‘ஹால்ட் ஆன்’ என்றால் வண்டியை நிறுத்து. நிறுத்துங்கள் அல்ல, நிறுத்து. ஹோல்டான் எங்கள் லாரிக்காரர்கள் வெள்ளைக்காரனின் இங்கிலீஷிலிருந்து பிய்த்துக்கொண்டது, அப்பாவிடம் படித்தது என்று எவ்வளவோ சொன்னேன். அப்படியென்றால் உன் அப்பாவுக்கு நல்ல ஜெர்மன் தெரிகிறது என்றார் பிர்கிட். நேரமாகிவிட்டதால் கடினமான பாதையை விட்டுவிட்டு ஏரியைச் சுற்றி நடந்தோம். நடக்க நடக்க லாரி, தெரு, அடி, தட்டு என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். முதன்முறையாக என்னைப் பற்றி நான் பேசினேன், வெட்கமில்லாமல்.

வேலை நிரந்தரமானது. பிர்கிட்டை இப்போது டூ என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது மனதுக்குள் ஒரு ‘ங்க’ சேர்த்துக்கொள்கிறேன், அது அவருக்குத் தெரியாது. புதுப் பதிப்பு வெளியிடும் நாளில் டீமே மேசையைத் தட்டி ‘போலாம் ரைட்’ என்கிறது. ஏன் எப்போதும் ரைட், லெஃப்டில் போகக் கூடாதா என்று ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அலுவலக நேரத்தில் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். தெருவில் லாரி பின்புறமாக நின்றிருந்தது. கிளீனர் வரவில்லை. சித்தப்பா புதிதாகக் கட்டிய சுற்றுச்சுவர் தெருவை இன்னும் ஒடுக்கியிருந்தது. அம்மாவை நிற்கச் சொன்னால் அவள் எது லெஃப்ட் எது ரைட் என்று தன் கையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாளாம். அதனால் போனைப் பின்னால் பிடிக்கச் சொல்லி, சத்தத்தை முழுதாக வைத்து, “நீ சொல்லுத்தா, நான் எடுக்குறேன்” என்றார் அப்பா. நான் எழுந்து நின்றேன். டீம் பின்னால் கூடிவிட்டது. வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க. லாரி வந்தது. சுவர் நெருங்கியது. கையைத் தூக்கி ஹோல்டான் என்று கத்தினேன். என்னோடு சேர்ந்து டீமும் கத்தியது. படம் அப்படியே உறைந்தது. மறுபடி அசைந்தபோது சுவரில் செங்கல் தெரிந்தது.

அப்பா இறங்கி வந்து சுவரைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். “நீ சொன்னது கேட்டுச்சுத்தா” என்றார். “முட்டினப்புறம் கேட்டுச்சு.”

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. நான் அப்பாவுக்குக் கையாட்டுகிறேன் என்று நினைத்து பிர்கிட்டும் மற்றவர்களும் கையாட்டினார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டு பதிலுக்குக் கையாட்டினார்.